போர்டிங் முடிச்ச பொண்ணு அடுத்து எங்க தங்குறது: வீடா, காலேஜ் ஹாஸ்டலா, பிஜியா, கம்பெனியா?

+2 ரிசல்ட் வந்ததும் எல்லாரும் என்ன கோர்ஸ், எந்தக் காலேஜ்னுதான் பேசுவாங்க. ஆறாங்கிளாஸ்ல இருந்து போர்டிங்லயே படிச்ச பிள்ளைங்களுக்கு எங்க தங்குறதுங்கறதும் அதே அளவுக்கு முக்கியம், ஆனா அதை யாரும் உக்காந்து யோசிக்கறதில்ல. "அவதான் ஏழு வருஷம் ஹாஸ்டல்ல கிடந்தவளாச்சே, எங்க விட்டாலும் இருந்துக்குவா"ன்னு முடிச்சிருவாங்க. நான் திருநெல்வேலி பக்கம் ஒரு கான்வென்ட் போர்டிங்ல படிச்சவ, கூடப் படிச்சவளுக, பின்னால வந்த ஜூனியருகன்னு ஆளுக்கொரு பக்கம் போனதைப் பாத்துட்டு சொல்றேன், அந்தப் பேச்சு பாதிதான் சரி. பாத்ரூம் க்யூவுல நிக்கத் தெரியும், ரசம் தண்ணியா இருந்தாலும் சாப்பிடத் தெரியும், காய்ச்சல் வந்தா அம்மா இல்லாம சமாளிக்கவும் தெரியும். எப்ப எந்திரிக்கணும், எப்ப படிக்கணும், கையில இருக்கற காசை மாசக் கடைசி வரைக்கும் எப்படி இழுக்கணும்னு தானா முடிவு பண்ணத்தான் தெரியாது, ஏன்னா அதெல்லாம் மணியும் சிஸ்டருமே பாத்துக்கிட்டாங்க. பாதுகாப்ப எல்லாரும் பாக்கறாங்க, அதனால நான் தானா முடிவு பண்ண எங்க கத்துக்குவாங்கறதை வச்சு எடை போடுறேன்.

மொதல்ல வீடு. செலவு கம்மி, டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து பொண்ணுங்களுக்கு டிக்கெட்டே இல்ல, பக்கத்துல ஒரு அரசு கலைக் கல்லூரி இருந்தா படிப்புச் செலவும் பெருசா வராது. பேப்பர்ல பாத்தா இதுதான் ஜெயிக்கணும். ஆனா போர்டிங் பிள்ளைக்கு இதுதான் கஷ்டமான இடம்னு நான் சொல்லுவேன். லீவுக்கு லீவு வந்து போனவ, வந்தப்பல்லாம் கறிக்குழம்பும் மீன்குழம்புமா விருந்தாளி மாதிரி கவனிப்பு நடந்திருக்கும், இப்ப திடீர்னு வீட்டு ஆளா மாறணும், அது ரெண்டு பக்கமும் பழகாது. ஒரு ஜூனியர் வீட்டுல நான் பாத்தது: விடிய அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, போர்வைய மூலைக்கு மூலை மடிச்சு வச்சுட்டு, தார்சால (வீட்டு முன்கட்டுல) புஸ்தகத்தோட உக்காந்திருக்கா, பக்கத்துக் கடைக்குப் போறதுக்குக்கூட "போகவாம்மா"ன்னு வாசல்ல நின்னு கேக்கறா. அவங்க அம்மாவுக்கு அது மரியாதையாத் தெரியல, கோவிச்சுக்கிட்டு இருக்கான்னு தோணிருக்கு. "ஏட்டி, ஒனக்கு இங்க என்ன குறை வச்சோம்"னு கேட்டு ஒரு அழுகை வேற. இது போக, வீட்டுல இருந்தா தம்பி டியூஷன், ஆச்சிக்கு மாத்திரை, சாயங்கால சமையல்னு எல்லாம் அவ தலையில வந்து விழும், ரெண்டாவது வருஷம் முடியறதுக்குள்ள யாராவது ஒரு சித்தப்பா ஜாதகம் கேப்பாரு. அண்ணன் தம்பிய மட்டும் வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டு "நீதான் அத்தனை வருஷம் இருந்துட்டியே"ன்னு சொல்ற வீடுகளும் இருக்கு. அப்பா அம்மா நல்லாப் புரிஞ்சவங்க, காலேஜ் பஸ் தூரத்துல இருக்குன்னா வீடு ஓகே. இல்லன்னா வேண்டாம்.

அடுத்து பொம்பளப் பிள்ளைங்க காலேஜ், அதோட ஹாஸ்டல். நம்ம பக்கம் பழக்கமான ரூட்டு இதுதான், பாளையங்கோட்டை சாரா டக்கர் 1895-ல தொடங்கினது, திருச்சி ஹோலி கிராஸ் 1923, மதுரையில லேடி டோக் 1948, ஃபாத்திமா 1953. சிஸ்டருங்க நடத்துற காலேஜா இருந்தா ஸ்கூல் சிஸ்டரே லெட்டர் குடுத்து அனுப்புவாங்க, அப்பா அம்மாவும் மறுபேச்சு பேச மாட்டாங்க. மொத வருஷத்துக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. பழகின மெஸ், பழகின வார்டன், அவுட்பாஸ் நோட்டு, ஆனா கையில போன் இருக்கு, சனி ஞாயிறு வெளிய போகலாம், அதனால சுதந்திரம் கொஞ்சம் கொஞ்சமா கைக்கு வரும். இன்னொன்னு, கல்ச்சுரல்ஸ் வந்தா மைக் புடிக்கறதுல இருந்து பந்தல்காரன்கிட்ட பேரம் பேசறது, கணக்கு ஒப்படைக்கறது வரைக்கும் பொண்ணுங்களேதான் செய்யணும், "அதை பசங்க பாத்துக்குவாங்க"ன்னு ஒதுங்க முடியாது. எங்க செட்டுல நல்லாப் பேசக் கத்துக்கிட்டவளுக முக்காவாசிப் பேரு இங்க போனவளுகதான். பிரச்சனை மூணாவது வருஷம் வரும். அப்பவும் ஆறு மணிக்கு கேட் பூட்டினா அது போர்டிங்கோட பதினஞ்சாம் கிளாஸ் ஆகிப் போகுது, இருபது வயசுல டிகிரியோட வெளிய வர்றவளுக்கு ஒரு வாடகை வீடு பாக்கவோ நைட் பஸ் புக் பண்ணவோ தைரியம் இருக்காது. அதனால சேர்றதுக்கு முன்னாடியே கேக்கணும்: ஃபைனல் இயர்ல இன்டர்ன்ஷிப்புக்கு வெளிய விடுவாங்களா, பார்ட் டைம் வேலைக்கு அனுமதி உண்டா?

கோ-எட் காலேஜ் ஹாஸ்டலும் ஹாஸ்டல்தான், ராத்திரி வாழ்க்கை அதேதான், மாறுறது பகல் மட்டும். மொத செமஸ்டர்ல கிளாஸ்மேட் பையனை எல்லாம் "அண்ணா அண்ணா"ன்னு கூப்பிட்டு கேலி வாங்காத போர்டிங் பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க. அது ஒரு செமஸ்டர்ல சரியாப் போயிரும், அதுக்குப் பயந்து நல்ல இன்ஜினியரிங் சீட்டை விடாதீங்க.

காசு விஷயத்துல ரெண்டு ஸ்கீமைப் போட்டுக் குழப்பிக்கறாங்க, அதை இங்கயே சொல்லிடுறேன். புதுமைப் பெண் திட்டம், மாசம் 1000 ரூபா, 2022 செப்டம்பர்ல வந்தப்ப ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்களுக்கு மட்டும்தான், 2024 டிசம்பர் கடைசில இருந்து எய்டட் (அரசு உதவி பெறும்) ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. கான்வென்ட் போர்டிங் ஸ்கூல்ல நிறைய எய்டட்தான், அதனால "நமக்குக் கிடையாது"ன்னு விட்றாதீங்க, காலேஜ் ஆபீஸ்ல கேளுங்க. ஆனா மெடிக்கல், இன்ஜினியரிங்ல இருக்கற 7.5 சதவீத ஒதுக்கீடு வேற, அதுல கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்கதான் வருவாங்க, அந்த ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சீட் கிடைச்சா ஹாஸ்டல் பீஸ் வரைக்கும் அரசே கட்டும். வீட்டுலயே இருக்கலாமாங்கற கேள்வியே அப்ப மாறிரும். அந்த 1000 ரூபா பொண்ணோட அக்கவுண்டுக்குத்தான் வருது, ஏடிஎம் கார்டு அப்பா பாக்கெட்ல இருந்தா அதுல அவ கத்துக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

பிஜிய, அதாவது மாசக் காசு கட்டித் தங்குற பேயிங் கெஸ்ட் ரூமை, பதினேழு வயசுல நேரா எடுக்கறதை நான் சொல்லவே மாட்டேன். சென்னையில மூணு பேர் ஷேரிங்னாலே சாப்பாட்டோட சேத்து 7000, 8000 ஆகிடும், அட்வான்ஸ் தனி, காலி பண்றப்ப பெயிண்ட் காசு கிளீனிங் காசுன்னு அதுல கை வைப்பாங்க. மணி அடிக்காத இடம்ங்கறதால மொத மாசம் காலை கிளாஸ் பாதி போயிரும், ராத்திரி போன், மத்தியானம் தூக்கம். ஆனா ஃபைனல் இயர்லயோ வேலை கிடைச்சதுமோ ஒரு ரெண்டு ஃப்ரெண்டோட பிஜிக்கு மாறுறது அருமையான விஷயம், காசு, நேரம், சாப்பாடு மூணும் அங்கதான் கைக்கு வரும். லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க, 2014 சட்டப்படி தமிழ்நாட்டுல லேடீஸ் ஹாஸ்டல் எல்லாமே கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கணும். வேலைக்குப் போறவங்களுக்கு அரசோட தோழி விடுதி தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி மாதிரி ஊர்ல இருக்கு, பிஜிக்கு முன்னாடி அதை ட்ரை பண்ணுங்க.

கடைசியா கம்பெனி ஹாஸ்டல். எங்க பக்கத்துல இருந்து +2 முடிச்சதும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்னு எலக்ட்ரானிக்ஸ் லைனுக்குப் போற பொண்ணுங்க நிறைய, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல வல்லம் வடகால்ல மட்டும் 18,720 பேர் தங்குற மாதிரி ஹாஸ்டல் 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. இதை மட்டமா பேசறவங்களோட எனக்கு ஒத்துப் போகாது. போர்டிங் பிள்ளை ஷிப்ட், க்யூ, டார்மெட்ரி எல்லாத்தையும் மத்தவங்களை விட ஈசியா சமாளிக்கறா, சம்பளம் வாங்கி வீட்டுல ஒரு பேச்சு பேசற இடத்துக்கு மத்தவளுகளை விட மூணு வருஷம் முன்னாடியே வந்துடறா. ஆனா ரூம், ஷிப்ட், கம்பெனி பஸ்னு அங்கயும் நேரத்தை வேற யாரோதான் முடிவு பண்றாங்க, நைட் ஷிப்ட் உடம்பை வாங்கும், "அப்பறமா படிச்சுக்கலாம்"ங்கறது பெரும்பாலும் நடக்கறதில்ல. தொலைதூரக் கல்வியில டிகிரி போடலாம், ஆனா அதுக்கு புதுமைப் பெண் காசு வராது. குடும்பக் கடனுக்காகப் போயே ஆகணும்னா ரெண்டு வருஷம்னு கணக்கு வச்சுக்கிட்டு, மொத மாசத்துல இருந்தே காலேஜ் பீஸுக்குன்னு தன் பேர்ல ஒரு ஆர்டி (மாசாமாசம் பேங்க்ல கட்டுற சேமிப்பு) போட்டுட்டுப் போகட்டும். ஏஜென்ட் மூலமா போறவங்க ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் டிசியையும் யாருகிட்டயும் குடுத்து வைக்காதீங்க, அதைத் திரும்ப வாங்க முடியாமலே ரெண்டு அட்மிஷன் சீசன விட்டவளுக எங்க செட்டுலயே இருக்காங்க.