மேக்ல விண்டோஸ் போட்டுத் தர்றோம்னு சொன்னா உஷார்! என் 18,500 ரூபாய் போன கதை

கை இன்னும் நடுங்குது. நேத்து சாயந்திரம் பாண்டியில பஸ் ஏறினவ, ஆல்பேட்டை பாலம் வர்ற வரைக்கும் முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்ச கையை எடுக்கல. பக்கத்துல உக்காந்த அம்மா "ஏம்மா, உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க. 18,500 ரூபாய் போச்சும்மான்னு சொல்ல வாய் வரல. இங்க சொல்றேன். கொஞ்சம் நீளும். கடைசியில நீங்க என்னென்ன பாத்து வாங்கணும்னு விவரமா எழுதறேன்.

எனக்கு எம்ப்ராய்டரி மிஷின் வெச்சு பிளவுஸ்ல டிசைன் போடறது பொழுதுபோக்கு. தொழில் இல்ல. கடலூர் புதுப்பாளையத்துல எங்க தெருவுல நாலு பேருக்கு, சொந்தத்துல விசேஷம்னா அவங்களுக்கு. 2019-ல மிஷின் வாங்கினப்பவே டிசைன் பஞ்சிங் பண்ற (படத்தை மிஷினுக்குப் புரியற தையலா மாத்தற) சாப்ட்வேரும் காசு குடுத்து ஒரிஜினலா வாங்கினேன். அது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். கூட ஒரு டாங்கிள், சுண்டுவிரல் நீளம். அதை யுஎஸ்பில சொருகினாத்தான் சாப்ட்வேர் முழுசா திறக்கும். தொலைஞ்சா அவ்வளவுதான்னு சொன்னதால நகைப்பெட்டியில கம்மலோட வெச்சிருந்தேன்.

ஐப்பசி மழையில மாடி ரூம் ஒழுகி என் பழைய லேப்டாப் போர்டு போயிடுச்சு. துபாய்ல இருக்கற கொழுந்தனார் புதுசு வாங்கிட்டாராம், தன்னோட ஆப்பிள் லேப்டாப், மேக்புக் ஏரைக் குடுத்துட்டுப் போனார். எம்1 சிப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி. "அண்ணி, இது பத்து வருஷம் உழைக்கும்"னார். உழைக்கட்டும், எனக்கு அதுல பஞ்சிங் பண்ண வழியில்லையே.

அப்பதான் பாண்டியில அந்தக் கடை. பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கி விக்கற, ரிப்பேர் பாக்கற கடை. பேர் வேணாம். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ள போனதும் தண்ணி பாட்டில் நீட்டறாங்க. கல்லாவுல இருந்த பையனுக்கு முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். "வாங்கக்கா, உக்காருங்கக்கா." நான் டாங்கிளை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தான். "இது ஒண்ணும் பெரிய விஷயமில்லக்கா. டிஸ்க்கைப் பாதிப் பாதியா பிரிச்சுடுவோம். ஒரு பக்கம் மேக், ஒரு பக்கம் விண்டோஸ். ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேக்கும். உங்க சாப்ட்வேர் ஜம்முனு ஓடும்."

20,000 சொன்னான். விண்டோஸ் லைசென்ஸ், மேக்குக்குள்ள அதை ஓட்டற சாப்ட்வேருக்கு லைசென்ஸ், அவன் கூலி, எல்லாம் சேத்து, ஆயுசுக்கும். நான் பேரம் பேசி 18,500-க்குக் கொண்டு வந்தேன். வெளிய வரும்போது ஜெயிச்சுட்ட மாதிரி நடந்தேன் பாருங்க, அதை நெனச்சாத்தான் இப்ப வயிறு எரியுது.

ரெண்டு நாள் கழிச்சு போன் வந்துது, ரெடின்னு. போனேன். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கறேன். மேக்கைத் திறந்தான். ஒரு ஜன்னல் மாதிரி விண்டோஸ் வந்துது. பாதிப் பாதின்னியே தம்பின்னு கேட்டேன். "இது அதைவிட லேட்டஸ்ட்க்கா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணவே வேணாம், ரெண்டும் ஒண்ணா ஓடும்"னான். கன்வெர்ட்டர் போட்டு டாங்கிளைச் சொருகினான் (கன்வெர்ட்டர் 600 தனி, அதை நான் கணக்குலயே சேக்கல). என் சாப்ட்வேரை டபுள் கிளிக் பண்ணினான். திறந்துடுச்சு! நாலு மாசமா பாக்காத அந்த ஸ்க்ரீன். "நீங்களே வரைஞ்சு பாருங்கக்கா"ன்னு மவுஸை என் கையில குடுத்தான். ஒரு மாங்காய் வரைஞ்சேன். உள்ள சாட்டின் தையல் நிரப்பினேன். தையல் ஓடற மாதிரி காட்டும் இல்ல, அதை ஓட்டினேன். அழகா ஓடி முடிஞ்சுது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. டீ வேற வாங்கிக் குடுத்தான்.

பென் டிரைவ் கைப்பையிலதான் இருந்துது. அதுல சேவ் பண்ணிப் பாக்கணும்னு தோணவே இல்ல.

8,500 என் வீட்டுக்காரர் அக்கவுண்ட்லேருந்து போன்ல அனுப்பினேன். மீதி 10,000 சீட்டுப் பணம், கையில குடுத்தேன். பில் கேட்டதுக்கு "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 சதவீதம் சேரும்க்கா, உங்களுக்குத்தானே நஷ்டம்"னு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்தான். "சர்வீஸ்"னு ஒரே வார்த்தை. தொகைகூட இல்ல. மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டேன், மகராசி.

வீட்டுக்கு வந்து நாத்தனார் பொண்ணு நிச்சயதார்த்த பிளவுஸுக்கு டிசைன் ஆரம்பிச்சேன். கழுத்து பார்டர், கை பார்டர், முதுகுல ஒரு மயில். ஒரு ராத்திரி முழுக்க வேலை. காலையில மிஷின் படிக்கற பிஇஎஸ் ஃபைலா சேவ் பண்ணப் போனா அந்த பட்டனே மங்கிக் கிடக்கு. டாங்கிளைப் பாத்தேன். முன்னெல்லாம் சொருகினா உள்ள சிவப்பா லைட் எரியும். எரியல. சாப்ட்வேரோட மேல் பட்டையில பொடி எழுத்துல "டெமோ"ன்னு இருக்கு. கடையில காட்டினப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும். டாங்கிள் இல்லாட்டி டெமோவா திறக்கும், வரையலாம், ஓட்டிப் பாக்கலாம், சேவ் மட்டும் ஆகாது. நான் பாத்தது மாங்காயை. மேல் பட்டையை யார் பாத்தா?

அன்னிக்கே போன் பண்ணினேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கக்கா." பண்ணினேன். "வேற ஓட்டையில சொருகுங்கக்கா." இருக்கறதே ரெண்டு ஓட்டை, ரெண்டுலயும் சொருகினேன். மறுநாள் "டெக்னீஷியன் லீவு." அதுக்கு அடுத்து "மாசி மகம்க்கா, கடை லீவு." மகம் முடிஞ்சு நாலு நாள் ஆச்சே தம்பின்னேன். "மேடம், உங்க டாங்கிள்தான் கம்ப்ளெய்ன்ட்." கவனிச்சீங்களா? அக்கா போய் மேடம் வந்தாச்சு. அதே டாங்கிளைப் பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டர்ல விண்டோஸ் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தேன், பளிச்னு சிவப்பா எரிஞ்சுது. சொன்னேன். போன் கட்.

பதினஞ்சாம் நாள் அந்த விண்டோஸ் ஜன்னலே திறக்கல. காசு கட்டுன்னு கேக்குது.

சிறுசேரியில வேலை பாக்கற எங்க அண்ணன் பையனை வீடியோ கால்ல கூப்பிட்டுக் காட்டினேன். பாத்துட்டு தலையில கை வெச்சுக்கிட்டான். "அத்தை, இது பேரலல்ஸ், மேக்குக்குள்ள விண்டோஸை ஓட்டற சாப்ட்வேர். நல்ல சாப்ட்வேர்தான், எம்1 மாதிரி மேக்ல விண்டோஸ் ஓட்ட 2023-ல மைக்ரோசாஃப்ட்டே ஒத்துக்கிட்டது. ஆனா உங்களுக்குப் போட்டிருக்கறது 14 நாள் டிரையல். சும்மா கிடைக்கறது. விண்டோஸும் ஆக்டிவேட் பண்ணல, ஓரத்துல எழுதியிருக்கு பாருங்க." லைசென்ஸ்னு சொல்லி வாங்கின 18,500-ல லைசென்ஸ்னு ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணல அந்தப் புண்ணியவான்.

டிரையலுக்குக் காசு கட்டிட்டா டாங்கிள் ஓடுமாடான்னு கேட்டேன். ஓடாதாம். அவன் சொன்னது எனக்குப் புரிஞ்ச அளவுல இது. டிஸ்க்கைப் பிரிச்சு விண்டோஸ் போடறதுக்கு மேக்ல பூட் கேம்ப்னு ஒண்ணு உண்டு, ஆனா இன்டெல் சிப் போட்ட பழைய மேக்லதான். 2020 நவம்பர்ல எம்1 வந்துது. அதுலேருந்து ஆப்பிள் சொந்த சிப் போட்ட எந்த மேக்லயும் அது கிடையாது. ஆப்பிள் சிப் ஆர்ம்னு வேற வகை, அதுல ஓடறது அந்த ஆர்ம் சிப்புக்குன்னு செஞ்ச விண்டோஸ். நம்ம சாப்ட்வேர் மாதிரி இன்டெலுக்கு எழுதினதை அது உள்ளுக்குள்ள மொழிபெயர்த்து ஓட்டிடும், அதனாலதான் திறந்துது. டாங்கிளை விண்டோஸ் அடையாளம் கண்டுக்க டிரைவர்னு ஒரு குட்டி சாப்ட்வேர் வேணுமே, அதை மொழிபெயர்க்காது. டாங்கிள் கம்பெனி ஆர்முக்குன்னு தனியா டிரைவர் எழுதியிருந்தா உண்டு. என்னோடது பழசு, எழுதல. விண்டோஸே இல்லாம விண்டோஸ் சாப்ட்வேரை ஓட்டற 'வைன்'னு ஒண்ணு இருக்காம்டான்னு எங்கயோ படிச்சதைக் கேட்டேன். "அங்கயும் டாங்கிள்ல போய்த்தான் நிக்கும் அத்தை. பேச்சைத்தான் மொழிபெயர்க்கலாம், சாவியை எப்படி மொழிபெயர்க்கறது?"

அதுக்கப்புறம் அவன் சொன்னதுதான் முள்ளு. "18,500-க்குப் பழைய விண்டோஸ் லேப்டாப்பே வாங்கியிருக்கலாமே அத்தை."

நேத்து நேர்லயே போனேன். தண்ணி பாட்டில் வரல. பேசற வரைக்கும் பேசினான், முடியலேன்னதும் உள்ளேருந்து ஓனர்னு ஒருத்தர் வந்தார். "சாப்ட்வேர் ஓப்பன் ஆச்சா இல்லையாம்மா? நீங்களே படம் வரைஞ்சீங்களே, கேமராவுல இருக்கு." நான் மாங்காய் வரைஞ்சது எனக்கே சாட்சியா திரும்புது! 14 நாள் டிரையலை லைசென்ஸ்னு வித்தது என்ன நியாயம்னேன். "நாங்க லைசென்ஸ்னு எழுதிக் குடுத்தோமா? சீட்டைக் காட்டுங்க." சீட்டுல "சர்வீஸ்". வேற கஸ்டமர் வந்தாங்க, என்னைத் தாண்டி அவங்களுக்குத் தண்ணி பாட்டில் நீட்டினான் அந்தப் பையன். "வாங்கக்கா, உக்காருங்கக்கா."

நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், ஏமாறாதீங்கன்னு. அது என்னைப் பைத்தியம்னு நெனச்சிருக்கும்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன். இப்ப இருக்கற மனசுல அவ்வளவு வரல, தோணறதை எழுதறேன். உங்க மேக்ல இடது மேல் மூலை ஆப்பிளை அமுக்கி "இந்த மேக் பற்றி"ல சிப் என்னன்னு பாத்துட்டுக் கடைக்குப் போங்க. எம்னு ஆரம்பிச்சா, டிஸ்க்கைப் பிரிச்சு விண்டோஸ் போடறேன்னு சொல்றவன்கிட்ட பேச்சே வேணாம். டாங்கிள் உள்ள சாப்ட்வேர்னா, ஆர்ம் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கான்னு சாப்ட்வேர் வித்தவங்களைக் கேளுங்க, ரிப்பேர் கடையைக் கேக்காதீங்க. திறந்து காட்டினா மயங்காதீங்க, ஃபைலை பென் டிரைவ்ல சேவ் பண்ணி வீட்டு மிஷின்ல ஒரு பூ தெச்சுப் பாத்த பிறகு காசு குடுங்க. பில்லுல லைசென்ஸ் பேர், எத்தனை நாள்னு எழுதச் சொல்லுங்க. 18 சதவீதம் போனாப் போவுது. இலவசமா இங்க்ஸ்கேப்னு ஒரு படம் வரையற சாப்ட்வேர், அதோட சேந்து படத்தைத் தையலா மாத்தற இங்க்ஸ்டிச், ரெண்டும் மேக்லயே ஓடுது. அண்ணன் பையன் போட்டுக் குடுத்தான். ஒரு இலை வரைஞ்சு பிஇஎஸ்ஸா சேவ் பண்ணினேன், மிஷின் படிச்சுது. மயில் வர இன்னும் பழகணும். நிச்சயதார்த்த பிளவுஸை மஞ்சக்குப்பத்துல குடுத்துட்டேன், அது தனிச் செலவு.

இன்னிக்குக் காலையில நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பண்ணினேன். பொறுமையாத்தான் கேட்டாங்க. கடை பாண்டியில இருந்தாலும் நான் குடியிருக்கற கடலூர்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போடலாமாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லையாம். அப்புறம் கேட்டாங்க: "எவ்வளவு ரூபாய் குடுத்ததுக்கு ஆதாரம் இருக்கு மேடம்?"

போன்ல அனுப்பின 8,500-க்குத்தான் இருக்கு.

என் வீட்டுக்காரருக்கும் அந்த 8,500 மட்டும்தான் தெரியும்.