கியர் பாக்ஸ் மாற்றிய ராங்லரில் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் லீவர்: ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்

ட்ரான்ஸ்ஃபர் லீவருக்கு ராடுக்குப் பதிலாகக் கேபிள் போடும் ஷிஃப்டர் கிட் விலை இறங்கியிருக்கிறது, வாங்கிப் போடலாமா அண்ணே என்று தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார். அவரிடமும் என்னிடம் இருக்கும் அதே ஜீப் ராங்லர், டிஜே மாடல்தான். மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை இறக்கிவிட்டு என்வி3550 என்ற மேனுவல் கியர் பாக்ஸை ஏற்றப் போகிறார். நான் அந்த வேலையை எப்போதோ முடித்து, கேபிளோடு நன்றாகவே புழங்கியும் விட்டேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மனசு வரவில்லை.

கியர் பாக்ஸ் மாற்றம் என்றால் கிளட்ச், ஃப்ளைவீல், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணைய அனுமதி என்று எல்லாவற்றையும் பேசுவோம். ட்ரான்ஸ்ஃபர் கேஸை (கியர் பாக்ஸிலிருந்து வரும் வலுவை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இயக்கும் லீவரை மட்டும் கடைசியில் பார்த்துக்கலாம் என்று தள்ளி வைப்போம். மேட்டில் ஏறும்போது வண்டி நம்மைக் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

எஞ்சின், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் ஒரே தொகுதியாக ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன. பாடி வேறு ரப்பர்மேல் நிற்கிறது. லீவரையும் கேஸையும் இணைக்க கம்பெனி கொடுத்த லிங்கேஜ் ராடின் ஒரு முனை பாடியில், மறுமுனை ட்ரான்ஸ்ஃபர் கேஸில். செங்குத்தான ஏற்றத்தில் 4 லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்து வலு கூடும் நிலை) ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தொகுதி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாயும், பாடி சாயாது. இடையில் மாட்டிக்கொண்ட ராட், கேஸின் செக்டர் லீவரை (கேஸின் நிலையை மாற்றும் வெளிப்புறக் கை) பிடித்து இழுக்கும். இந்த வண்டியின் என்வி231 ட்ரான்ஸ்ஃபர் கேஸில் 4 லோவுக்குப் பக்கத்து இடம் நியூட்ரல். அங்கே நழுவினால் எஞ்சின் அலறும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது, எஞ்சின் பிரேக்கிங்கும் போய்விடும். புது கியர் பாக்ஸ் ஏறியபின் கேஸ் நிற்கும் இடமோ சாய்வோ கொஞ்சம் மாறினாலும் பழைய ராடின் கோணம் கெட்டு இது இன்னும் மோசமாகும். சுஸுகி எஸ்ஜே413 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக நிற்கிறது, லீவர் நேராக அதன் தலையிலேயே இருக்கிறது.

கேபிள் இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் பிராக்கெட் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலேயே போல்ட் ஆகியிருக்கும். தொகுதி எவ்வளவு ஆடினாலும் உறையும் சேர்ந்து ஆடும், நடுவில் கேபிள் வளைந்து கொடுக்கும், செக்டர் லீவருக்கு இழுப்பே வராது. மலேசியாவின் ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மழை விட்ட பிறகு, செம்மண் வழுக்கும் ஏற்றத்தில் முதல் கியரில் 4 லோ போட்டு ஏற்றியபோது லீவர் அசையவே இல்லை. 2.72 மடங்கு குறைப்போடு வண்டி நிதானமாக மேலே போனது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அந்த நிலைக்கு வர, பட்டறைக்காரர்கள் செய்த வேலையை முழுதாக அவிழ்த்து நானே மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் உள்ளே லீவரை அழகாக நிறுத்திவிட்டு, அதற்கு ஏற்றபடி கீழே கேபிளை மாட்டியிருந்தார்கள். பார்க்க ஒழுங்காக இருந்தது, 4 லோவில் மட்டும் பல் பாதிதான் கடித்தது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையா அது? வேலை கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் செக்டர் லீவரைக் கையாலேயே தள்ளுங்கள். 2 ஹை (இரு சக்கர ஓட்டம்), 4 ஹை (வழக்கமான வேகத்தில் நான்கு சக்கர ஓட்டம்), நியூட்ரல், 4 லோ என்று ஒவ்வொரு இடத்திலும் உள்ளே ஸ்ப்ரிங் பின் பள்ளத்தில் விழுவது விரலுக்குத் தெரியும். அதை 4 லோவில் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் லீவரை 4 லோவுக்குக் கொண்டுபோங்கள். லீவர் நகரும் காடியின் முனையில் இடிக்காமல் ஒரு சின்ன இடைவெளி மிஞ்ச வேண்டும். இப்போது கேபிள் முனையைத் திருகி நீளத்தைச் சரிசெய்தால், கேபிளை லீவரோடு இணைக்கும் ஊசி விரல் அழுத்தத்திலேயே துளைக்குள் இறங்கும். சுத்தியல் கேட்டால் அளவு தப்பு. பிறகு 2 ஹையிலும் இதே சோதனை. ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாவிட்டால் லீவர் தண்டில் கேபிளை வேறு துளைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். கேபிள் எக்ஸாஸ்ட்டைத் தொடாமல், சட்டென்று மடியாமல், அகலமாக வளைந்து போக வேண்டும். கேபிள் டையால் இறுக்கிக் கட்டவும் கூடாது.

கடைசிச் சோதனை லிஃப்டில். கியர் பாக்ஸை முதல் கியரில் வைத்துப் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள். 4 லோவில் அசையக் கூடாது, நியூட்ரலில் தாராளமாகச் சுற்ற வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். கேஸ் நியூட்ரலில் நின்றுவிட்டால், கியர் போட்டு நிறுத்தினாலும் கார் நிறுத்தத்தின் சரிவில் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் மட்டும்தான் காப்பாற்றும்.

இனி என் எரிச்சலைச் சொல்கிறேன். லீவரில் உயிரே இல்லை. பழைய ராடில் 4 லோ விழும்போது உள்ளங்கையில் ஒரு டக் வரும், கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். கேபிளில் அந்த டக் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. 4 ஹையிலிருந்து 4 லோ போகும்போது நியூட்ரல் வந்ததா, தாண்டியதா என்று கைக்குத் தெரிவதில்லை. இந்தக் கேஸில் லோவுக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சை மிதித்தபடி உருட்டிக்கொண்டே போட வேண்டும். அந்த நேரத்தில் கைக்குத் தகவல் வராதது பெரிய குறை. போதாக்குறைக்கு முனையில் இருக்கும் லாக் நட் அதிர்வில் இளகும். நேற்றும் கீழே படுத்து இறுக்கினேன். பழைய வண்டி என்பதால் சாலை வரியில் 50 சதவீதம் கூடுதலாகக் கட்டி, சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்து, வருஷா வருஷம் பரிசோதனைக்கு ஓட்டிப் போகிற வண்டி இது. சிங்கப்பூர்த் தீவுக்குள் 4 லோவுக்கு வேலையே இல்லை. முக்கால் டேங்க் பெட்ரோலோடு துவாஸ் எல்லை தாண்டி மலேசியாவுக்குப் போகிற நாள்களுக்குத்தான் இத்தனையும். அந்த நாள்களிலாவது லீவர் என்னோடு பேச வேண்டாமா?

தம்பிக்கு என் பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் பழைய லிங்கேஜை மாட்டிப் பாருங்கள், அதன் பாடிப் பக்கத்து முனையைக் கேஸுக்கு மாற்றி ஒரு பிராக்கெட் அடிக்க முடியுமா என்று நல்ல வெல்டரிடம் கேளுங்கள். ஏற்றத்தில் அது லோவை விட்டு வெளியே தள்ளினால் மட்டும் கேபிளுக்குப் போங்கள். என் வண்டியில் இருப்பதை நான் கழற்ற மாட்டேன். போடுவதானால் லாக் நட்டுக்கு நூல் பூட்டும் பசை தடவுங்கள், கேபிளை மாட்டும் முன் செக்டர் லீவரின் நான்கு இடங்களையும் வெள்ளைப் பெயிண்டால் குறித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் கீழே குனிந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.