ஹீமோபிலியா பிள்ளைக்குத் தடுப்பூசி: தசையிலா, தோலுக்கடியிலா?

என் மகனுக்கு ஹீமோபிலியா ஏ, கடுமையான வகை. ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான எட்டாம் ஃபேக்டர் அவன் ரத்தத்தில் இயல்பான அளவில் 1 சதவீதம்கூட இல்லை. ஐந்து வயதில் போட வேண்டிய டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி தடுப்பூசி) பூஸ்டரை அண்மையில் போட்டு முடித்தோம். போடலாமா வேண்டாமா என்ற குழப்பம் வீட்டில் யாருக்கும் இல்லை. தடுப்பு மருந்தால் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கெடுதல் எதுவும் கிடையாது. தொல்லை கொடுப்பது ஊசி குத்திய இடத்தில் கசியும் ரத்தம்தான். அதனால் பேச்செல்லாம் எங்கே குத்துவது என்பதைப் பற்றியே இருந்தது.

எல்லா ஊசிக்கும் இந்தக் கேள்வி வராது. போலியோ சொட்டும் ரோட்டாவும் வாய்வழி. எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) எப்படியும் தோலுக்கடியில்தான். நாய்க்கடி ஊசியைக்கூட அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள்ளேயே 0.1 மில்லி வீதம் போட்டுவிடுகிறார்கள். பென்டா (ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடும் ஒரே ஊசி), டி.பி.டி., ஹெபடைடிஸ் பி மாதிரி தசையில் போடுபவற்றில்தான் தகராறு.

தோலுக்கடியில் போடுவதற்குப் பலமான சிபாரிசு இருக்கிறது. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி அதைத்தான் முதலில் சொல்கிறது: பலன் குறையாது, நரம்பு வழியே ஃபேக்டர் மருந்தும் ஏற்ற வேண்டியதில்லை. கசிந்தாலும் தோல் நீலம் பாரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ரத்தக்கசிவு வந்தால் மட்டும் மருத்துவமனைக்கு ஓடி ஃபேக்டர் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இதுவே சரி. இதுவரை ஃபேக்டரே ஏறாத கைக்குழந்தைக்கும் அப்படித்தான். ஒரு தடுப்பூசிக்காக முதல் ஃபேக்டரை ஏற்ற டாக்டர்கள் தயங்குவார்கள். இன்ஹிபிட்டர், அதாவது ஏற்றும் ஃபேக்டரை வேலை செய்ய விடாத எதிர்ப்புப் பொருள், உடலில் உருவாகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் நாங்கள் தசையையே தேர்ந்தெடுத்தோம். ஒரு காரணம், டி.பி.டி.யில் உள்ள அலுமினிய உப்பு. அது தோலுக்கடியில் தங்கினால் சிவந்து கட்டி தட்டும். அந்தக் கட்டி வாரக்கணக்கில் கிடக்கலாம். வேறு பிள்ளை என்றால் விட்டுவிடலாம். நமக்கோ, இது ஊசிக் கட்டியா ரத்தக் கட்டா என்று தினமும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிடும்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல, நேரம். வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, அவனுக்கு எப்படியும் ஃபேக்டர் ஏற்றுகிறோம். கிலோவுக்கு 1 யூனிட் ஏற்றினால் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். இவன் 18 கிலோ. 500 யூனிட் குப்பி ஒன்று போனால் 55 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். 8 முதல் 12 மணி நேரத்தில் அது பாதியாகும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரமாகவே. ஆக மறுநாள் காலையில் 10 சதவீதம் மிஞ்சினாலே பெரிது. 'நேற்றுதானே ஃபேக்டர் போட்டோம்' என்று வியாழக்கிழமை தசையில் குத்துவதும் ஃபேக்டர் ஏறிய கையோடு குத்துவதும் ஒன்றாகாது. தசைக்குள் கசிவது வெளியே தெரியாது, தெரிவதற்குள் கை மடங்காமல் போய்விடும். அதனால் ஃபேக்டர் ஏறிய கையோடு ஊசி. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நல்லவேளையாக எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாளும் புதன்தான். காலையில் வீட்டில் ஃபேக்டர், காபி குடித்துவிட்டு நேரே அங்கே.

ஃபேக்டர் இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடவும் முடியாது. ஊசி 25 முதல் 27 கேஜ் வரை இருக்க வேண்டும். எண் கூடினால் ஊசி மெலிசு. போடுவதற்கு முன் 5 நிமிடம் ஐஸ் ஒத்தடம். போட்ட பிறகு குறைந்தது 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பழக்க தோஷத்தில் பஞ்சை வைத்துத் தேய்க்கத்தான் எல்லோருக்கும் கை வரும். "தேய்க்காதீங்க சிஸ்டர், அழுத்தி மட்டும் பிடிச்சுக்கிறேன்" என்று பஞ்சை நான் வாங்கிக்கொண்டேன். பத்து நிமிடம் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரொம்ப நீளம். அவன் போனில் கார்ட்டூன் பார்த்தான், நான் கடிகாரம் பார்த்தேன். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது. ஓரிரு நாள் லேசான வலி சகஜம். வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, கையைத் தூக்க மறுத்தாலோ ஹீமோபிலியா மையத்தைக் கூப்பிட வேண்டும்.

எட்டாம் ஃபேக்டரின் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் என்ற மருந்தைப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் ஃபேக்டர் ஏற்றாமலே தசையில் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கோவிட் தடுப்பூசி வந்தபோது வழிகாட்டினார்கள். எங்கள் பையன் அந்த மருந்தில் இல்லை, அதனால் கேட்டதைத்தான் சொல்கிறேன். இன்ஹிபிட்டர் உள்ள பிள்ளைக்கும் என் புதன்கிழமைக் கணக்கு பொருந்தாது. அங்கே தசையிலா தோலுக்கடியிலா என்பதை ஹெமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தச் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு பின் பண்ணி வைத்துவிடுங்கள்.