பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் கூகுள் காலண்டர், கீப், டுடூயிஸ்ட்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்தித் தரும் செயலிகளைப் பற்றி வெளிவரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, காலையில் அலுவலகம் போய் மாலையில் வீடு திரும்புபவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பென்னாகரம் பக்கத்தில் மல்பெரித் தோட்டமும் புழு மனையும் மாடுகளும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ள எங்கள் வீட்டில் வேலைகள் அப்படி நடப்பதில்லை. திங்கள், செவ்வாய் என்று கிழமை பார்த்து வரும் வேலை எங்களுக்குக் குறைவு. புழு வந்த நாளிலிருந்து இத்தனையாவது நாள், மல்பெரியைக் கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) நாளிலிருந்து இத்தனையாவது நாள், மாடு சினைக்கு வந்த நாளிலிருந்து இத்தனையாவது நாள் என்று எண்ணிச் செய்யும் வேலைகளே அதிகம். ஆகவே, ஒரு செயலி நாள் கணக்கைத் தாங்குகிறதா, வீட்டில் உள்ள எல்லோரும் அதைப் பார்த்து நடக்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

எங்கள் வேலையின் போக்கைச் சிறிது சொன்னால்தான் மற்றவை விளங்கும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களை வாங்கி வந்து, மீதிப் பருவங்களை நாங்கள் வளர்க்கிறோம். தோலுரிக்கும் வேளையில் இலை போடக் கூடாது. படுக்கை உலர்ந்திருக்கச் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது என்பதால், அந்த ஒரு வாரம் வீட்டில் உள்ள எல்லோருக்கும் இலை வெட்டும் வேலை இருக்கும். பிறகு புழு பழுத்து, கூடு கட்டுவதற்கான தட்டாகிய சந்திரிகையில் ஏறுகிறது. வெண்பட்டுக் கூடாக இருந்தால் ஏறிய ஏழாம் நாள் வாக்கில் பிரித்தெடுத்துத் தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோகிறோம். நாள் கடந்தால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது.

இத்தனையையும் தாங்கும் கருவிகளில் முதலிடத்தைக் கூகுள் காலண்டருக்கே தருவேன். அதில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது நினைவூட்டல் மணியைக் காட்டிலும், பல நாட்களைச் சேர்த்து ஒரே பட்டையாகக் காட்டும் வசதிதான். மல்பெரியில் பூச்சிமருந்து அடித்தால், மருந்துக்கேற்பக் குறிப்பிட்ட நாட்கள் கழியும் வரை அந்தத் துண்டில் இலை வெட்டவே கூடாது. வெட்டிப் போட்டால் மனையில் உள்ள புழு மொத்தமும் போய்விடும். அந்தக் காத்திருப்பு நாட்களை நாங்கள் ‘கிழக்குத் துண்டு – இலை வெட்டக் கூடாது’ என்று முழுநாள் நிகழ்வாகச் சிவப்பு நிறத்தில் போட்டு வைக்கிறோம். போனைத் திறந்ததும் அந்தச் சிவப்புப் பட்டை எத்தனையாம் தேதி வரை நீள்கிறது என்று கண்ணில் படுகிறது. பக்கத்து வயல்காரர் தக்காளிக்கு மருந்து அடித்தாலும் அதே முறைதான்: காற்று வீசிய பக்கத்து வரிசைகளைக் குறித்து, அதற்கும் ஒரு பட்டை. வாயால் சொல்லி வைத்தால் சொன்னவர் வீட்டில் இல்லாத வேளையில் அந்தச் செய்தி யாருக்கும் தெரியாது. பட்டையோ எல்லோர் போனிலும் இருக்கிறது.

எல்லோர் போனிலும் வருவதற்குக் குடும்பக் குழு என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். கூகுள் கணக்கில், தொடங்குபவரோடு சேர்த்து ஆறு பேர் வரை கொண்ட ஒரு குடும்பக் குழுவை அமைத்தால், குடும்பத்திற்கென்று தனியாக ஒரு காலண்டர் தானாகவே உருவாகிவிடுகிறது. அதில் குழுவினர் யாரும் எழுதலாம், திருத்தலாம். என் கணவரும், ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் கொழுந்தனாரும், நானும் இதில் இருக்கிறோம். கொழுந்தனாருக்கு வாரத்திற்கு ஒரு ஷிப்டு மாறி, மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிகிறது. காலை, மாலை, இரவு என்று மூன்று நிகழ்வுகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் ‘மூன்று வாரத்திற்கு ஒருமுறை’ என்று அமைத்துவிட்டதால், அடுத்த புழு எந்தத் தேதியில் இறக்கினால் ஐந்தாம் பருவம் அவர் பகலில் வீட்டில் இருக்கும் வாரத்தில் விழும் என்பதை முன்கூட்டியே பார்த்து, இளம்புழு மையத்தில் அதற்கேற்பச் சொல்லி வைக்க முடிகிறது. இந்த ஒரு பயனுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

தொடர்ந்து வரும் மற்ற வேலைகளுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை, வண்டி இன்சூரன்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒருதரம் போட்டால் போதும். ஒரு நிகழ்வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறிவிப்புகளை வைக்கலாம் என்பதால், இன்சூரன்ஸுக்கு ஒரு வாரம் முன்பும் முதல் நாளும் என இரண்டு முறை நினைவூட்டச் செய்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு போன்ற நாட்களையும் நாமே சேர்த்துக்கொள்வது நல்லது. அன்று ஒகேனக்கல் சாலையில் வண்டிகள் நெருக்கும் என்பதால் கூடு ஏற்றுவதற்கு அது ஏற்ற நாள் இல்லை.

இனி அதன் குறைகள். முதலாவதும் பெரியதும் நாள் கணக்கைப் பற்றியது. புழு வந்த நாளைக் கொடுத்தால், மூன்றாம் தோலுரிப்பு, நான்காம் தோலுரிப்பு, சந்திரிகை, கூடு பிரிப்பு என்று மீதியைத் தானே போட்டுக்கொள்ளும் வசதி காலண்டரில் இல்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். மார்கழிக் குளிரில் மனையின் வெப்பம் குறைந்து புழுவின் வளர்ச்சி ஓரிரு நாள் பின்தங்கினால், எழுதியவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்தவும் வேண்டும். இதற்குக் கணினி இருந்தால் ஒரு வழி உண்டு. கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலியில் முதல் கட்டத்தில் புழு வந்த தேதியை எழுதி, கீழே உள்ள கட்டங்களில் அந்தத் தேதியோடு இத்தனை நாள் கூட்டு என்று சூத்திரம் போட்டால், எல்லாத் தேதிகளும் தாமே கணக்காகிவிடும். அந்தத் தாளை சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை) இறக்கி, காலண்டரின் இம்போர்ட் பகுதி வழியாக ஏற்றலாம். தலைப்பு வரிசையில் சப்ஜெக்ட், ஸ்டார்ட் டேட் என்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். நிகழ்வின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். தேதியை மாதம் முன்னும் நாள் பின்னுமாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. நம் வழக்கப்படி நாளை முன்னால் எழுதினால், ஜூன் 5 என்று நினைத்தது மே 6-ல் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு அறுவடைக்கும் தனிக் காலண்டர் ஒன்றை உருவாக்கி அதில் ஏற்றினால், தேதி மாறும்போது அந்தக் காலண்டரை மட்டும் நீக்கிவிட்டுத் திருத்திய தாளை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வழி நல்ல வழிதான். ஆனால் இம்போர்ட் போன் செயலியில் இல்லை, கணினியில்தான் செய்ய வேண்டும். போன் மட்டுமே உள்ள விவசாயக் குடும்பங்களே இங்கு மிகுதி என்பதால், இதை ஒரு பெருங்குறையாகவே கருதுகிறேன்.

இரண்டாவது குறை நம் பஞ்சாங்கம் சார்ந்தது. கணினியில் காலண்டரைத் திறந்து, பிற காலண்டர்களைச் சேர்க்கும் பகுதிக்குப் போனால் நிலவின் நிலைகளைக் காட்டும் காலண்டர் ஒன்று கிடைக்கிறது. அதை வைத்து அமாவாசையை முடிவு செய்ய வேண்டாம். அது காட்டுவது வானியல்படி அமாவாசை நிகழும் கணத்தை. நம் கணக்கில் அந்தக் கணத்தோடு அமாவாசைத் திதி முடிகிறது. அந்தக் கணம் விடியற்காலையில் வந்தால், நாம் அமாவாசை கும்பிடுவது அதற்கு முந்தைய நாளாக இருக்கும். என் மாமியார் பார்க்கும் நாட்காட்டி சுவரிலேயே இருக்கட்டும் என்பதுதான் இதில் என் கருத்து.

அடுத்தது கூகுள் கீப். 2013-ல் வந்த இந்தக் குறிப்புச் செயலி பார்க்க மிக எளியது. எங்கள் வீட்டில் காலண்டருக்கு அடுத்தபடியாக உழைப்பது இதுதான். ஓர் அறுவடை முடிந்து அடுத்த புழு வருவதற்குள் மனையைச் சுத்தம் செய்யும் வேலைகள் வரிசையாக உள்ளன: பழைய படுக்கையை அள்ளுதல், தட்டுகளையும் சந்திரிகைகளையும் கழுவி வெயிலில் காயவைத்தல், பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்த கரைசலைச் சுவர், தரை எல்லாம் தெளித்தல், புழுவைத் தாக்கும் ஊசி ஈ நுழையாமல் சன்னல் வலையைப் பார்த்தல். இவற்றைக் கீப்பில் டிக் அடிக்கும் பட்டியலாக ஒருமுறை எழுதி, கணவரின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்துப் பகிர்ந்திருக்கிறேன். யார் எதை முடித்தாலும் டிக் அடிக்கிறோம். அடுத்த முறை வரும்போது, மெனுவில் எல்லா டிக்குகளையும் நீக்கும் ஒரு கட்டளை இருக்கிறது; அதைத் தொட்டால் பட்டியல் புதிதுபோல் ஆகிவிடும். காகிதத்தில் ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டிருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

மனைக்குள் கையில் சுண்ணாம்போடு நிற்கும்போது தட்டச்சு செய்ய முடியாது. அங்கே கூகுள் விசைப்பலகையின் குரல்வழித் தட்டச்சு உதவுகிறது. 2017 ஆகஸ்டில் தமிழுக்கும் வந்த வசதி அது. ‘இன்று காலை நான்காம் தோலுரிப்பு முடிந்தது, முதல் இலை போட்டாயிற்று’ என்று நிதானமாகச் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறது. தொழில் சொற்களை மட்டும் பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஏரியூர்ப் பக்கம், மலையடிவாரம் போன்ற இடங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கேயும் கீப்பில் கையால் எழுதி வைத்தால், சிக்னல் கிடைத்ததும் மற்றவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்காடியில் தரும் ரசீதுகளைப் படமெடுத்து ‘கூடு விலை’ என்ற லேபிளின் கீழ் போட்டு வைக்கிறேன். கணக்குக் கூட்ட மட்டும் கீப் உதவாது, அதற்கு ஷீட்ஸ்தான். வங்கிக் கடவுச்சொற்களைக் கீப்பில் எழுதி வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

கூகுள் டாஸ்க்ஸ் என்ற வேலைப் பட்டியல் செயலியை எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 2018-ல் தனிச் செயலியாக வந்தது. 2023-ல் காலண்டரின் ரிமைண்டர் வசதியும் இதற்குள் கொண்டுவரப்பட்டது. ஒருவர் தன் வேலையைத் தான் மட்டும் குறித்துக்கொள்ள நேர்த்தியானது. ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு பட்டியலைக் கணவன் மனைவி இருவரும் பகிர்ந்துகொள்ள வழியில்லை. இருவர் சேர்ந்து செய்யும் வேலையை ஒருவர் போனுக்குள் பூட்டி வைப்பதால் என்ன பயன்? பட்டியலைப் பகிர வேண்டும், டாஸ்க்ஸ் போன்ற அமைப்பும் வேண்டும் என்பவர்கள் மைக்ரோசாஃப்ட் டு டூவைப் பார்க்கலாம். அதில் இணைப்பு அனுப்பிப் பகிர முடியும், இருவருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும்.

டுடூயிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் கணக்கு என்ற சோதனையில் மற்ற எதுவும் செய்யாத ஒன்றை அது செய்கிறது. காலண்டரில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து என்று போட்டால், நாம் பத்து நாள் தள்ளிக் கொடுத்தாலும் அடுத்த நினைவூட்டல் பழைய தேதியிலேயே வந்து நிற்கும். டுடூயிஸ்டில், ‘எவ்ரி’ என்ற ஆங்கிலச் சொல்லை அடுத்து ஓர் ஆச்சரியக்குறி இட்டுக் கால அளவை எழுதினால், வேலையை முடித்ததாகக் குறித்த நாளிலிருந்து அடுத்த தேதியை எண்ணிக்கொள்கிறது. மருந்து கொடுப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியைச் சுத்தம் செய்வது ஆகிய எல்லாமே கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டியவை. பசு சினைப்பருவத்திற்கு வந்து சினை ஊசி போட்டால், சினை நிற்காதபோது 21 நாள் வாக்கில் மறுபடி அறிகுறி தெரியும். அதையும் இப்படிக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கட்டளைகளைத் தமிழில் எழுதினால் அது புரிந்துகொள்வதில்லை. இலவசக் கணக்கில் ஐந்து திட்டங்கள் வரைதான் வைக்கலாம். ஒரு வீட்டிற்கு அது போதும். ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதத் தயங்காதவர்கள் மாட்டுக் கொட்டகைக்கும் தோட்டத்திற்கும் மட்டுமாவது இதை வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழுவையே வேலைப் பட்டியலாக வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில் எழுதிய ‘மதியம் சுண்ணாம்பு தூவ வேண்டும்’ என்ற செய்தி, மதியத்திற்குள் கல்யாணப் படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் போய்விடும். செய்தி சொல்ல வாட்ஸ்அப், வேலை குறிக்கக் காலண்டர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

செலவு என்று பார்த்தால், மேலே சொன்ன கூகுள் செயலிகள் எல்லாம் இலவசம். ஒரு கணக்கிற்கு 15 ஜிபி இடம். அது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. பிள்ளைகளின் வீடியோக்களால்தான் அது நிறையும், குறிப்புகளால் அன்று.

அமைத்து முடித்ததும் கட்டாயம் பார்க்க வேண்டியது போனின் பேட்டரி அமைப்பு. சில போன்களில் பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடு, பின்னணியில் இருக்கும் செயலிகளை உறங்க வைத்துவிடுவதால் அறிவிப்புகள் நேரம் தவறி வருகின்றன. அமைப்புகளில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், காலண்டரைத் தேர்ந்தெடுத்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிவிட வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் இதைச் செய்ய வேண்டும். காலண்டரின் அறிவிப்பு ஒரு சிறு ஒலியோடு நின்றுவிடும் என்பதால், இரவு இலை போடும் நேரத்திற்கு அதை நம்ப வேண்டாம். கடிகாரச் செயலியில் அலாரம் வைத்து, தோலுரிப்பு நாட்களில் மட்டும் அதை நிறுத்திவையுங்கள்.