ராக்கெட் திரும்பி வரும்வரை டிவியை அணைக்காத காட்பாடி டீக்கடை

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தால், பச்சை ஷட்டர் போட்ட ஒரு டீக்கடை வரும். பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். "எழுதிட்டீங்கன்னா காலேஜ் பசங்க மொத்தமா வந்து குந்திக்குவாங்க. ரயிலுக்குப் போறவன் எங்க நின்னு டீ குடிப்பான்?" என்றார். நியாயமான கவலை. அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: கல்லாவுக்கு மேலே 43 அங்குல டிவி, சுவரோரம் ரெண்டு நீள பெஞ்சு, விடியற்காலை நாலு மணிக்கே பாய்லரில் ஆவி கிளம்பியிருக்கும்.

டிவி வைத்த டீக்கடைகள் வேலூரில் ஏராளம். ராக்கெட் கிளம்புவதை எல்லோரும்தான் போடுவார்கள். கிளம்பிய ரெண்டு நிமிஷத்தில் கைதட்டிவிட்டுச் சேனலை மாற்றிவிடுவார்கள். இந்தக் கடையில் மட்டும் அப்படி நடக்காது. அடிப்பாகம் திரும்பி வந்து, இறங்கி, புகை அடங்கி, நிற்கிறதா சாய்கிறதா என்று தெரிகிறவரை ரிமோட்டை யாரும் தொடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

அது எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்றால், நான் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அனல் மின் நிலையத்துப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி.க்கு ஜாயிண்ட் போட்ட கை இது. நாங்கள் செய்து அனுப்பியதைப் பழுதுபார்க்கத் திறக்கும்போது எங்கே அரித்திருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். ராக்கெட் செய்கிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை ரொம்ப காலம் இல்லை. அமெரிக்க ஷட்டில் விண்கலம் தானே திரும்பி வந்தது, அதன் பக்க ராக்கெட்டுகளையும் கடலிலிருந்து இழுத்து வந்து கழுவிப் பயன்படுத்தினார்கள், உண்மைதான். மற்றபடி போனது போனதுதான். 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம், அதாவது அடிப்பாகம், கேப் கனாவெரலில் தரையில் வந்து நின்ற பிறகுதான் நிலைமை மாறியது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே பறந்த ஒன்றையே மறுபடி பறக்கவிட்டார்கள். பூஸ்டர் என்பது இந்த அடிப்பாகம்தான்; இப்போது ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் போய்த் திரும்பியிருக்கிறது. கரி படிந்த அந்த வெள்ளை உடம்பைப் பார்த்தால் வேலைக்குப் போய் வந்த ஆள் என்று தெரியும். புதுசாகப் பளபளக்கிற ராக்கெட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது.

சரி, கடைக்கு வருவோம்.

டீக்கடையில் ராக்கெட் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். நேரக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப் கிளம்புவது டெக்சாஸின் தென்கோடிக் கடற்கரையிலிருந்து. அங்கே சாயங்காலம் ஐந்தரை, ஆறரை என்றால் இங்கே விடியல். 2025 மார்ச் 7 சரியாக ஐந்து மணி, மே 28 ஐந்து ஆறு, ஆகஸ்ட் 27 மறுபடி ஐந்து, அக்டோபர் 14 ஐந்துக்கு ஏழு நிமிஷம் முன்னால். எல்லாம் நம் நேரம். அந்த வேளையில் வீட்டில் சத்தம் வைத்துப் பார்த்தால் திட்டு விழும். இங்கே முதல் டிக்காஷன் இறங்கும் நேரம் அது. கோயம்பேட்டுக்குப் பூ அனுப்பிவிட்டு வருகிறவர், பெங்களூர் ரயிலுக்குப் பெட்டியோடு நிற்கிற பையன், சி.எம்.சி.க்கு வந்து ஆட்டோ பேரம் பேசிக்கொண்டிருக்கும் வங்காளக் குடும்பம் என்று எல்லோரும் அண்ணாந்து டிவியைப் பார்ப்பார்கள்.

படம் நன்றாக இருக்கிறது. இணைய இணைப்பு கேபிள்காரருடையது, பெரிதாகத் திணறவில்லை. நேரலையை எங்கே பார்க்கிறோம் என்பதுதான் சிக்கல். ஸ்பேஸ்எக்ஸ் 2023-இலிருந்து தன் ஒளிபரப்பை எக்ஸ் தளத்துக்கு மாற்றிக்கொண்டது. யூடியூபில் தேடினால் அதே பெயரில் போலி நேரலைகள் வரும். எலான் மஸ்க் போலவே ஒரு உருவம் பேசும், ஓரத்தில் க்யூஆர் கோடு மின்னும், கிரிப்டோ அனுப்பினால் இரட்டிப்பாகத் தருவதாகச் சொல்லும். விஐடியில் படிக்கிற பையன்கள் ரெண்டு பேர் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள். போனிலிருந்து டிவிக்கு எடுத்து விடுவார்கள், இல்லையென்றால் நாசாஸ்பேஸ்ஃப்ளைட் சேனலைப் போடுவார்கள். பெயரில் நாசா இருந்தாலும் நாசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏவுதளத்தைச் சுற்றி வருஷக்கணக்காகக் கேமரா வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆட்கள். பூஸ்டரை வண்டியில் ஏற்றி நகர்த்துவதைக்கூட மணிக்கணக்கில் காட்டுவார்கள். எனக்கு அது போதும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. போனில் வரும் படமும் டிவியில் வரும் படமும் ஒரே நேரத்தில் வராது. போன்காரன் முந்திக்கொண்டு "எறங்கிருச்சு!" என்று கத்தினால் மீதிப் பேருக்கு எல்லாம் போச்சு. அப்படிக் கத்துகிறவனுக்கு அடுத்த டீ கிடையாது. முதலாளி சொன்னதைச் செய்கிறவர், நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கடையின் பெயர் எங்களுக்குள் பரவியது 2024 அக்டோபர் 13 அன்று. ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமிக்கு மறுநாள். அதிசயமாக அந்தத் தடவை ஸ்டார்ஷிப் கிளம்பியது நம்மூர் நேரம் சாயங்காலம் ஐந்து ஐம்பத்தைந்து. கடையில் ஆயுத பூஜை வாழைக்கன்று இன்னும் கட்டியிருந்தது. பாய்லர், கல்லாப்பெட்டி, மாவு அரைக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு டிவிக்கும் வைத்திருந்தார்கள். விளிம்பில் வைத்தது கொஞ்சம் வழிந்து திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டுக்குக் கீழேதான் 71 மீட்டர் உயர எஃகுக் குழாய் மேகத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

ஸ்டார்ஷிப்பின் பூஸ்டருக்குக் கால் கிடையாது. கிளம்பிய கோபுரத்துக்கே வந்து, அதன் ரெண்டு இரும்புக் கைகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். மேலே உள்ள சின்ன முளைகளைக் கைகள் தாங்கிக்கொள்ளும். 33 எஞ்சினில் 13 முதலில் எரிந்து வேகத்தைக் குறைக்க, அப்புறம் நடுவில் உள்ள மூன்று மட்டும் எரிய, ஒன்பது மீட்டர் விட்டமுள்ள அந்த உருளை சாய்ந்தபடி கோபுரத்தை நோக்கி நகர்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை. கைகள் மூடின. கிளம்பி ஏழு நிமிஷம்தான் ஆகியிருந்தது. டீ மாஸ்டர் ஒரே வார்த்தை சொன்னார்: "இடுக்கியில பால் சட்டியப் புடிச்ச மாதிரி புடிச்சுட்டான் பாரு!" அன்றிலிருந்து இந்தக் கடையில் அந்தக் கோபுரத்துக்கு இடுக்கி என்றுதான் பெயர்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது நான் அடிப்பக்கத்தைத்தான் பார்த்தேன். ஓரமாகத் தீ நக்கிக்கொண்டிருந்தது. வெளிவட்டத்து எஞ்சின்களின் வாய் சில சூட்டில் நெளிந்திருந்ததாகப் பிறகு அவர்களே சொன்னார்கள். பக்கவாட்டு மூடி ஒன்றும் இறங்கும்போது பிய்ந்துபோயிருந்தது. அந்தப் பூஸ்டரிலிருந்து எடுத்த 314-ஆம் எண் எஞ்சினை 2025 ஜனவரியில் வேறொரு பூஸ்டரில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். திரும்பி வந்ததால்தானே இதெல்லாம் முடிந்தது?

வெல்டர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ஷிப்பின் உடம்பு எஸ்.எஸ். 304 வகை, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. கார்பன் ஃபைபரில் செய்வதாக இருந்து பிறகு எஃகுக்கு மாறினார்கள். விலை மலிவு, அலுமினியத்தைவிட அதிகச் சூடு தாங்கும், திரவ ஆக்சிஜன் குளிரில் நொறுங்காமல் இன்னும் வலுவாகும். ஆனால் எஸ்.எஸ்.ஸில் மெல்லிய தகட்டுக்கு ஜாயிண்ட் போடுவது விளையாட்டு இல்லை. சூடு கொஞ்சம் கூடினால் தகடு நெளியும், உள்பக்கம் ஆர்கான் வாயு போதவில்லை என்றால் கருகும். 2019 நவம்பரில் ஸ்டார்ஷிப்பின் மார்க் 1 என்ற சோதனை வடிவம் அழுத்தச் சோதனையில் மேல் மூடியைத் தூக்கி எறிந்தது. 2020 பிப்ரவரியில் எஸ்.என். 1 என்ற அடுத்த சோதனை வடிவம் அடிப்பக்கம் பிளந்து எகிறியது. அந்த வீடியோக்களை நான் பையன்களுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். எரிந்து திரும்பிய எஃகில் வைக்கோல் நிறம், தாண்டினால் நீலம் என்று சூடேறிய தடம் இருக்கும். பூஸ்டர் இறங்கியதும் அதைத்தான் தேடுவேன். இந்தப் பேச்சுக்கு இந்தக் கடையில் காது கொடுக்க ஆள் இருக்கிறது. அதுவே ஒரு வசதி.

2025 மே 28 விடியற்காலை கூட்டம் அதிகம். ஜனவரியில் பிடித்த பூஸ்டரையே, 33-இல் 29 பழைய எஞ்சின்களோடு, மறுபடி ஏவிய நாள். நன்றாகத்தான் கிளம்பியது. வேண்டுமென்றே செங்குத்தான கோணத்தில் விழவிட்டுச் சோதித்தார்கள், இறங்குவதற்கு எஞ்சின் பற்றவைத்த நேரத்தில் மெக்சிகோ வளைகுடா மேலே உடைந்துபோனது. "செகண்ட் ஹேண்ட் வண்டி, இன்னா பண்றது" என்று பூக்காரர் சமாதானம் சொன்னார். எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. அதன் அடிப்பாகத்தைத்தான் பார்க்க ஆசைப்பட்டிருந்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 25, நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா ஃபால்கன் 9-இல் புறப்பட்ட அன்று நம் நேரம் மதியம் பன்னிரண்டு. கடையில் செய்திச் சேனல் ஓடியது. ராக்கெட் மேலே போனதும் அந்தச் சேனல் அரங்கத்துக்குத் தாவி, விவாதம், வாழ்த்து, விளம்பரம் என்று போய்விட்டது. எட்டு நிமிஷத்தில் பூஸ்டர் கேப் கனாவெரலில் அழகாக இறங்கியதை யாரும் காட்டவில்லை. விடியற்காலைச் சட்டம் மத்தியானத்துக்குச் செல்லாதா என்று முதலாளியிடம் கேட்டேன். "மத்தியானம் சோத்துக் கூட்டம் சார், அவங்க நியூஸ்தான் கேப்பாங்க" என்றார். அதே மாதிரி, ராத்திரி ரெண்டு மணி ஏவலுக்குக் கடை திறக்காது. 2025 நவம்பர் 14 அதிகாலை ரெண்டரை வாக்கில் ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ கிளென் ராக்கெட் கிளம்பி, அதன் பூஸ்டர் கடலில் நின்ற கப்பலில் இறங்கியபோது, நான் வீட்டில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன்.

டீ 15 ரூபாய். டிக்காஷன் கடுசு, பால் தண்ணியாக இருந்து பார்த்ததில்லை. சர்க்கரை கம்மி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாயசம்தான். பன் பட்டர் ஜாம் பரவாயில்லை. ஐந்து மணிக்குக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மசால்வடை நேற்று ராத்திரிச் சரக்கு, தொடாதீர்கள். ஆறு மணிக்கு மேல் புது எண்ணெயில் போடுவது வேறு ரகம். சுக்கு காப்பி கேட்டால் மட்டும் கிடைக்கும்.

டீ மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நம்மளது எப்போ சார்?" நான் சொல்வது இதுதான். 2016 மே 23-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் ஆர்.எல்.வி. என்ற, திரும்பப் பயன்படுத்தக் கூடிய, இறக்கை வைத்த சோதனை வாகனம் 65 கிலோமீட்டர் உயரம் போய் வங்கக் கடலில் இறங்கியது. 2023 ஏப்ரலில் சித்ரதுர்கா பக்கம் சினூக் ஹெலிகாப்டர் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டதும் அதே மாதிரியான இன்னொரு வாகனம் தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்கியது. 2024-இல் புஷ்பக் என்ற பெயரில் இன்னும் ரெண்டு தடவை, கடைசித் தடவை பக்கவாட்டுக் காற்றோடு. 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாயில் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதன் முதல் கட்டம் திரும்பப் பயன்படுத்தக் கூடியது. மாஸ்டர் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துடும்" என்பார். மேலே போவதைவிடக் கீழே வருவதைப் பற்றிக் கேட்கிறாரே, அதற்கே அவர் டீயைப் பாராட்டலாம்.

போகிறவர்களுக்கு ரெண்டு விஷயம். ஏவல் தள்ளிப்போவது சகஜம். 2025 ஆகஸ்டில் ஒரு நாள் தரைக் கருவியில் கோளாறு, மறுநாள் மேகம், மூன்றாம் நாள்தான் கிளம்பியது. அது நமக்கு விநாயகர் சதுர்த்தி விடியல், கடையில் பாதிப் பேர் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அதனால் வாசலில் மாட்டியிருக்கும் சிலேட்டை முதல் நாள் ராத்திரி பார்த்துவிட்டுப் போங்கள், தேதி மாறினால் அதில் அழித்து எழுதுவார்கள். வண்டியை ஆட்டோ ஸ்டாண்டை அடைத்து நிறுத்தாதீர்கள். ரயில் வந்தவுடன் அவர்கள் ஹாரன் அடித்தால் பூஸ்டர் இறங்குகிற நேரத்தில் வெளியே ஓட வேண்டியிருக்கும்.