வறுமையா, போரா: அமெரிக்காவின் அந்தத் தலைமுறையை வார்த்தது எது?

1920களில் பிறந்த அமெரிக்கர்களின் சிக்கனத்துக்கு இரண்டாம் உலகப் போரைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. என் கணிப்பில் அந்தக் குணம் அதற்கு முன்பே ஊறிவிட்டது. 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. 1933இல் உழைக்கக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன, பலரின் சேமிப்பு கரைந்துபோனது. மாவு மூட்டைத் துணியில் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். அதைக் கண்ட மாவு ஆலைகள் பூப்போட்ட துணியிலேயே மூட்டை கட்டின. அந்தச் சட்டை போட்டு வளர்ந்தவர்களில் பலர், பின்னாளில் வசதி வந்தபோதும் கடன் என்றால் அஞ்சினார்கள்.

போர் கற்றுத்தந்தது வேறு. 1942இல் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, அடுத்த ஆண்டு இறைச்சிக்கும். சமையலில் மிஞ்சிய கொழுப்பை டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுத்தார்கள். வெடிமருந்துக்கான கிளிசரின் அதிலிருந்து எடுக்கப்பட்டது. வீட்டுக்காக மிச்சம் பிடித்தவர்கள் இப்போது நாட்டுக்காக மிச்சம் பிடித்தார்கள். அரசின் மீது நம்பிக்கையும் வளர்ந்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் திரும்பிவந்த வீரர்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. ஆனால் கறுப்பின வீரர்களில் பலருக்கு அந்தப் பலன் எட்டவில்லை. இதைச் சொல்லாமல் அத்தலைமுறையின் ஒற்றுமையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.