பலகையில் துணி ஒட்ட: அக்ரிலிக் ஜெல்லா, வெள்ளைப் பசையா?

தூரிகையை அழுத்தும்போது துணி அதிரக் கூடாது என்பதற்காகவே, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸை விட்டுப் பலகையில் ஒட்டிய பருத்தித் துணிக்கு நான் மாறினேன். எந்தப் பசையால் ஒட்டுவது என்ற கேள்வியில் எனக்குப் போட்டியாக இருந்தவை இரண்டு: தச்சுவேலைக்கான பிவிஏ (பாலிவினைல் அசிடேட்) வெள்ளைப் பசையும், ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெல் மீடியமும் (அக்ரிலிக் வண்ணத்தில் நிறமி இல்லாத கெட்டியான குழம்பு). நான் ஜெல்லையே தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

விலையில் வெள்ளைப் பசைக்கே வெற்றி. எந்த ஹார்டுவேர் கடையிலும் அது கிடைக்கும். ஒட்டும் வலிமையைப் பொறுத்தவரை, ஓவியத் துணிக்கு இரண்டுமே தாராளம்.

முடிவைத் தீர்மானிப்பது, காய்ந்த பசை மீண்டும் ஈரம் பட்டால் என்ன ஆகிறது என்பதுதான். துணியை ஒட்டியதோடு வேலை முடிவதில்லை. அதன் மேல் ஜெஸ்ஸோவை, அதாவது வண்ணத்துக்கு அடியில் இடும் வெள்ளை அடிப்பூச்சை, பல முறை பூசுகிறோம், அதிலுள்ள நீர் துணி வழியாகக் கீழே இறங்குகிறது. சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் நீர் பட்டால் இளகும் என்பதால், ஓரங்களில் துணி மெல்ல எழும்ப வாய்ப்புண்டு. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டப்படும் படத்துக்கும் இதே கவலை உண்டு. அக்ரிலிக் ஜெல்லோ, நீர் வெளியேறி அதன் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் மறுபடி கரையாது. நெடுநேரம் நனைந்தால் அதுவும் சற்று வெளுத்து மென்மையாகும். ஆனால் உலர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீரைத் தாங்கும் வெள்ளைப் பசை வகைகளும் உள்ளன, அவற்றோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் பிவிஏ நாளடைவில் அசிட்டிக் அமிலத்தை வெளியிடக்கூடியது, அமிலம் பருத்தியையும் லினனையும் நைந்துபோகச் செய்யும் என்பதால், அந்த வகைகளிலும் அமிலமற்றதா என்று கேட்டு வாங்குவதே நல்லது.

ஒட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றே. பலகையில் பசையைச் சீராகப் பரப்பி, துணியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரப்பர் உருளையால் அழுத்த வேண்டும். காய்ந்தபின் நகத்தால் தட்டிப் பார்த்தால், பசை பிடிக்காத இடம் வெற்றொலி கொடுக்கும். அந்த இடத்தில் சிலிக்கோன் பூச்சுள்ள, கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாளை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒத்தி எடுத்தால், அடியில் பசை இருக்கும்பட்சத்தில் அது இளகிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசையும் சூட்டில் இளகும் என்பதால், இதில் ஜெல்லுக்குத் தனிப்பெருமை இல்லை.

ஜெல்லின் குறை ஒன்றும் உண்டு. காயும்போது அது பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை) உள்ள பழுப்புச் சாறை மேலே இழுத்துக்கொள்ளும். வெளிர் நிறங்களுக்கு அடியில் அந்தக் கறை தெரியும். ஆகவே பலகைக்கு முதலில் பளபளப்பான அக்ரிலிக் மீடியத்தை இரண்டு முறை பூசிக் காயவிட வேண்டும். பின்புறத்துக்கும் பூசினால் பலகை ஒருபுறமாக வளைவது குறையும்.

பிற்காலத்தில் துணியைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும் என்றால் இரண்டுமே சரிவராது. ஓவியப் பாதுகாப்பாளர்களுக்காக குஸ்தாவ் பெர்கர் உருவாக்கிய பீவா 371 என்ற பசை, சுமார் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒட்டும், சூடாக்கினால் பிரியும். அதில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், விலை மதிப்புள்ள ஓவியங்களுக்கு அந்தத் துறையினரிடம் கேட்டுக்கொண்டு இறங்குவதே சரி.